மூணு தடவை கூப்பிடணும்

வாங்க தம்பி. அந்தச் சேர்ல உக்காருங்க, இதுக்குக் கால் ஆடும். கம்பெனியில இருந்து வர்றேன்னு நீங்க கேட்லயே சொன்னது காதுல விழுந்துச்சு. தாரணி அம்மிணி அனுப்பிச்சுதா? மேஸ்திரி திரும்ப வேலைக்கு வருவாரான்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சா? சரி. பதில் சொல்றேன். சொல்லாம அனுப்ப மாட்டேன். ஆனா நீங்க ஆபீசுக்குப் புதுசு. சித்திரையிலதான் சேர்ந்தேங்கறீங்க. நான் எப்படி வெளிய வந்தேன்னு உங்களுக்கு யாரும் சரியாச் சொல்லியிருக்க மாட்டாங்க. சொன்னா அவங்க பண்ணினதும் சேர்ந்து வெளிய வந்துடும். அதனால நான் சொல்றேன், கேட்டுக்குங்க.

எனக்கு யார் மேலயும் வருத்தமில்லை. அதை முதல்லயே சொல்லிடறேன். மயில்சாமி மேல கொஞ்சம் உண்டு. மரகதத்து மேல உண்டு. அம்மிணி மேல இருக்கறதைக் கேக்கவே வேண்டாம். மத்தபடி யார் மேலயும் ஒண்ணுமில்லை.

இன்னிக்கு நீங்க ஏசி போட்டு உக்காந்திருக்கற இடத்துல முதலாளி தகரக் கொட்டகை போட்டு கிரைண்டர் செய்ய ஆரம்பிச்சப்ப, கல்லு சுமந்தவன் நான். அப்புறம் மோட்டார் மாட்டினேன். அப்புறம் மேஸ்திரி. அஞ்சாவதோட படிப்பை நிறுத்தினவன். என்னை அந்த இடத்துல வெச்சது படிப்பைப் பார்த்தில்லை, வாயைப் பார்த்து. ஆளுங்ககிட்ட வேலை வாங்கறதுக்கு ஒரு வாய் வேணும் தம்பி. அது படிச்சு வராது.

என் முறை ஒண்ணே ஒண்ணுதான். நல்லாருக்குன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா அன்னியோட அவன் வேலை கெட்டுப் போச்சு. எங்க வீட்டையே எடுத்துக்குங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து குழம்பு நல்லாருக்குன்னு ஒரு தடவை நான் சொன்னதில்லை. இன்னிக்கு வரைக்கும் குழம்பு நல்லாத்தான் இருக்கு. உள்ள பாத்திரம் சத்தம் கேக்குதே, அது வேற ஒண்ணுமில்லை. அவ கழுவறதே அப்படித்தான்.

குழவிக்கல்லு கடையற மெசின்ல மயில்சாமி இருக்கான் பாருங்க, அவன் நல்ல கைக்காரன். அதை அவன்கிட்டச் சொன்னதில்லை. அவன் முதுகுக்குப் பின்னாடி போய் நிப்பேன். ஒண்ணும் பேச மாட்டேன், சும்மா நிப்பேன். நான் நின்னா அவனுக்குக் கை நடுங்கும். கை நடுங்குனா கல்லு ஓரத்துல சில்லு பேந்துடும், அந்தக் கல்லு வீண். 'பார்த்தியா, ஆள் நிக்கறப்பவே இந்த லட்சணம்'பேன். இப்பவும் கேக்கறேன். நான் பின்னாடி நிக்கறப்பவே இத்தனை கல்லை வீணடிக்கறவன், நிக்காம இருந்தா எத்தனை வீணடிச்சிருப்பான்? யாருக்காவது இது தோணுதா?

பேக்கிங்ல மரகதம். கை வேகம்னா அப்படி ஒரு வேகம். மூணு மணிக்கெல்லாம் அவ பங்கை முடிக்கற அளவுக்கு வேகம். முடிச்சவங்களுக்கு என்ன பண்ணுவோம், இன்னும் கொஞ்சம் வேலை குடுப்போம். அதுதானே முறை. நான் குடுத்தேன். ஒரு வாரம் குடுத்தேன். அப்புறம் பார்த்தா அவ கை மெதுவாப் போச்சு. நாடாவை ஒட்டறா, தடவறா, திரும்பத் தடவறா, சாயங்காலம் மணி அடிக்கறப்பத்தான் முடியுது. பொம்பளைங்களுக்கு வயசாக ஆக வேகம் குறையும்னு நினைச்சுக்கிட்டேன். அவளுக்கு அப்ப முப்பதுகூட இருக்காது.

மூணாவது ஆள் செல்லத்துரை. மோட்டார் மாட்டறவன். தெக்கத்திக்காரன், ரோசக்காரன். காலையில நேரா அவன்கிட்டப் போவேன். 'இன்னிக்கு இந்த வரிசை உன்னால ஆகாது, விட்டுடு, நான் வேற ஆளை வெச்சுக்கறேன்'னு சொல்லிட்டு வந்துடுவேன். அவ்வளவுதான். சாயங்காலம் வரிசை முடிஞ்சிருக்கும். கையைத் துடைச்சுக்கிட்டே வந்து நிப்பான். 'என்ன மேஸ்திரி, ஆகாதுன்னீரு?'ம்பான். 'அதையும் நாளைக்குப் பார்ப்போம்'பேன். அப்ப என்னை ஒரு பார்வை பார்ப்பான். கையில ஸ்பேனர் இருந்தா நான் கொஞ்சம் தள்ளித்தான் நிப்பேன். அதை நான் பாசம்னு எடுத்துக்குவேன்.

என்னை யாரும் தட்டிக் குடுக்க வேண்டியதில்லை தம்பி. நான் அப்படி வளர்ந்தவன் இல்லை. முதலாளி ஒரே ஒரு தடவை சொன்னார். திருச்சூர் ஏஜென்ட் வந்திருந்தப்ப என் தோள்ல கையைப் போட்டு, 'சென்னியப்பன் இல்லைன்னா இந்தக் கம்பெனி இல்லை'ன்னு சொன்னார். நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கற ஆள் இல்லை. அன்னிக்கு முதலாளி நீலக் கோடு போட்ட சட்டை, பையில மசிப் பேனா. ஏஜென்ட் கையில பாதி கடிச்ச வடை. வெளிய தூறல். சொல்லி முடிச்சதும் ஏஜென்ட், 'அப்படியா'ன்னார். அவ்வளவுதான் விஷயம். அப்பவே மறந்துட்டேன்.

முதலாளிக்கு முட்டி தேஞ்சு வீட்டோட உக்காந்தப்புறம் அம்மிணி வந்துச்சு. முதலாளியோட மக, பெங்களூர்ல பெரிய வேலையில இருந்த புள்ளை. வந்து ஒரு வாரம் ஒண்ணும் சொல்லலை, சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. அப்புறம் ஒருநாள் டீ நேரத்துல எல்லாரையும் ஷெட்டுல உக்கார வெச்சு, தானும் ஒரு அட்டைப் பெட்டி மேல உக்காந்துச்சு. ஆளுக்கு ஆள் ஒவ்வொண்ணு இருந்தாத்தான் வேலை ஓடுமாம், எல்லாரையும் ஒரே மாதிரி முடுக்கக் கூடாதாம், அதனால ஒவ்வொருத்தரையாக் கேக்கப் போகுதாம்.

'மயிலண்ணா, உங்களுக்கு என்ன இருந்தா வேலை நல்லா ஓடும்?'

அவன் டீயை ஊதிக்கிட்டே இருந்தான். வாயைத் திறக்காத ஆளு. அன்னிக்குத் திறந்தான்.

'பின்னாடி ஆளில்லாம இருந்தா ஓடுமுங்க அம்மிணி.'

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சாங்கன்னு வீட்டுக்கு வந்து கை கால் கழுவறப்பத்தான் புரிஞ்சுது.

மரகதத்தைக் கேட்டுச்சு. 'முடிச்சா விட்டுடோணுமுங்க. புள்ளை பள்ளிக்கூடத்துல இருந்து வந்து பூட்டின வீட்டு முன்னாடி உக்காந்திருக்குதுங்க'ன்னா. இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன், அது வேற. ஆனா சொல்லியிருக்கணுமில்ல?

செல்லத்துரையைக் கேட்டுச்சு. 'எனக்குன்னு பெருசா ஒண்ணுமில்ல மேடம். தெனமும் சாயந்திரம் மேஸ்திரி மூஞ்சி சுருங்கணும். அதப் பாக்கத்தான் வாரேன்'னான். அதுக்கும் சிரிப்பு.

கடைசியா என்கிட்ட வந்துச்சு. 'மேஸ்திரியண்ணா, உங்களுக்கு?'

'எனக்கென்ன அம்மிணி. நான் கடமைக்கு வர்றவன். எனக்கு ஒண்ணும் வேண்டாம்.'

'ஒண்ணுமே வேண்டாமாண்ணா?'

'ஒண்ணுமே வேண்டாம்.'

'சரிங்கண்ணா'ன்னு எந்திரிச்சுப் போயிடுச்சு.

இங்கதான் தம்பி நீங்க கவனிக்கணும். ரெண்டு தடவை கேட்டுச்சு. இன்னொரு தடவை கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போகுது? நம்ம பக்கம் வழக்கம் என்ன? ஒருத்தர் வீட்டுக்குப் போறோம், சாப்பிடுங்கன்னு சொல்றாங்க. வயித்துல பச்சைத் தண்ணி இருக்காது, ஆனாலும் இப்பத்தான் சாப்பிட்டேன்னு சொல்றோம். இன்னொரு தடவை சொல்றாங்க, அட இருக்கட்டுங்கன்னு சொல்றோம். மூணாவது தடவை கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெக்கறாங்க. அப்ப உக்காந்து சாப்பிட்டாத்தான் நமக்கும் மரியாதை, அவங்களுக்கும் மரியாதை. முதல் தடவையே உக்காந்தா இவன் இதுக்குத்தான் வந்தான்னு நினைச்சுக்குவாங்க. பெங்களூர்ல இதெல்லாம் கிடையாது போலிருக்கு. அங்க வேண்டாம்னா வேண்டாம்தான்.

மறுநாள்ல இருந்து மாத்திட்டாங்க. மயில்சாமி மெசினைச் சுவர் ஓரமாத் திருப்பி வெச்சாங்க, அவனுக்குப் பின்னாடி ஒரு பூனைகூட நிக்க முடியாது. அந்த மாசம் கல்லு ஒண்ணும் பேரலை. அந்த மாசம் வந்த கல்லு நல்ல கல்லு, வேற என்ன. மரகதம் திரும்ப மூணு மணிக்கு முடிக்க ஆரம்பிச்சா, முடிச்சதும் பையைத் தூக்கிட்டு என் முன்னாடியே போவா. வீட்டுக்குப் போறதுக்காக வேலை செய்யறது ஒரு வேலையா? செல்லத்துரைகிட்ட மட்டும் என் கணக்குக்கு ஒரு சந்தோசம் கிடைச்சுது. அம்மிணி அவன்கிட்டப் போய், 'சூப்பரா பண்றீங்கண்ணா'ன்னு சொல்லுச்சு. அவன் முழிச்சான். மறுநாளும் சொல்லுச்சு. மூணாவது நாள் அவன் மோட்டாரைக் கையில வெச்சுட்டு ஜன்னலைப் பார்த்துட்டு உக்காந்துட்டான். யாரை எதுத்துப் பண்றதுன்னு அவனுக்குத் தெரியலை. அவன்கிட்ட ஆகாதுன்னு சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு.

நான் ஷெட்டுல நடந்துக்கிட்டே இருந்தேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். அம்மிணி பார்த்தா சிரிக்கும், 'உங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்னீங்க, அதான் உங்களைத் தொந்தரவு பண்றதில்லை'ன்னு சொல்லும். நல்ல மனசோடதான் சொல்லும். அதுதான் எரிச்சல்.

அப்பத்தான் ஆயுத பூசை வந்துச்சு.

தம்பி, எங்க கம்பெனிப் பூசையை நீங்க இன்னும் பார்க்கலை. மெசினையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, வாழைமரம் கட்டி, பொரி கடலை குவிச்சு, எல்லாரும் குடும்பத்தோட வருவாங்க. பூசை முடிஞ்சதும் கேட்டுக்கு முன்னாடி பூசணிக்காய் சுத்தி உடைக்கணும். கம்பெனி மேல பட்ட கண்ணெல்லாம் அதோட போகணும். வருசா வருசம் அதை உடைக்கறவன் நான். எனக்கு அதுல ஒண்ணும் ஆசை கிடையாது. எப்படி நடக்கும்னா, முதலாளி பூசணிக்காயைக் கையில வெச்சுக்கிட்டு, 'சென்னி, வா'ம்பார். 'எனக்கு இடுப்பு வலிங்க, வேற யாரையாவது கூப்பிடுங்க'ம்பேன். 'அட வாய்யா'ம்பார். 'சின்னப் பசங்க இருக்காங்களே'ம்பேன். அப்ப முதலாளி எல்லாரும் கேக்கற மாதிரி, 'நீ உடைக்காம யாரு உடைக்கறது, கம்பெனி விளங்க வேண்டாமா'ம்பார். அதுக்கப்புறம்தான் நான் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுப் போவேன். ஒவ்வொரு வருசமும் இப்படித்தான். எங்க வீட்டுக்காரி அன்னிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு முன்வரிசையில நிப்பா.

போன வருசம் முதலாளி வரலை, வீட்டுலயே இருந்துட்டார். அம்மிணி பூசணிக்காயை எடுத்துச்சு. எனக்கு மனசுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு, முறை தெரிஞ்ச புள்ளைதான்னு. நேரா என்கிட்டத்தான் வந்துச்சு.

'மேஸ்திரியண்ணா, நீங்கதானே உடைப்பீங்க? வாங்க.'

'எனக்கு இடுப்பு வலி அம்மிணி. வேற யாரையாவது கூப்பிடுங்க.'

அந்தப் புள்ளை முகம் வாடிப் போச்சு. 'ஐயோ, முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா'ன்னு ஓடிப் போய், தானே ஒரு சேரைத் தூக்கிட்டு வந்து எனக்குப் பின்னாடி போட்டுச்சு. 'உக்காருங்க, நிக்காதீங்க.' நான் உக்காந்தேன். வேற என்ன பண்றது, இடுப்பு வலின்னு சொல்லிட்டேன். அத்தனை பேரும் நிக்கறாங்க, நான் மட்டும் சேர்ல. எங்க வீட்டுக்காரி என்னையும் சேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா.

அம்மிணி கூட்டத்தைப் பார்த்து, 'யாருக்கு உடைக்கணும்னு ஆசை?'ன்னு கேட்டுச்சு. ஆசையாம். அதை அப்படிக் கேக்கலாமா? ஒருத்தரும் வாயைத் திறக்கலை. மயில்சாமி தூணுக்குப் பின்னாடி போயிட்டான், அவனைப் பத்துப் பேர் பார்த்தாலே அவனுக்குக் காய்ச்சல் வந்துடும். அப்ப மரகதம் கையைத் தூக்கினா. 'எனக்கு ரொம்ப நாளா ஆசைங்க அம்மிணி'ன்னா. முதல் தடவையே. கேட்டதும் தூக்கிட்டா கையை. பொம்பளைங்க பூசணிக்காய் உடைக்கறது வழக்கமில்லைன்னு நான் சேர்ல இருந்து சொன்னேன். 'இடுப்பைப் பார்த்துக்குங்க மேஸ்திரி'ன்னு எவனோ பின்னாடி இருந்து சொன்னான்.

அவ சூடத்தை ஏத்தி, சுத்தி, ரோட்டுல போட்டா. செதறுச்சு. குங்குமம் கேட் வரைக்கும் போச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் உடைச்ச வருசமெல்லாம் யாரும் கை தட்டினதில்லை, அப்ப மரியாதை தெரிஞ்ச கூட்டம். எங்க வீட்டுக்காரியும் தட்டினா. கேட்டா, கை தானாத் தட்டிடுச்சுங்கறா.

அடுத்த நாள் ஆபீசுக்குப் போய், 'நான் வேலையில இருந்து நின்னுக்கறேன் அம்மிணி'ன்னு சொன்னேன். அந்தப் புள்ளை எந்திரிச்சு நின்னுடுச்சு. 'ஏண்ணா?' 'உடம்பு முடியலை.' 'நிஜமாத்தான் சொல்றீங்களா?' 'நிஜமாத்தான்.' கண்ணு கலங்கிடுச்சு அதுக்கு. கலங்கி என்ன பண்றது, வாயில ஒரு வார்த்தை வரணுமில்ல? நான் கதவுகிட்ட கொஞ்சம் நின்னேன். செருப்பு வாரு அவுந்த மாதிரி குனிஞ்சு கட்டினேன். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது. சாயங்காலம் எனக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, காரை வெச்சு வீட்டுல கொண்டாந்து விட்டுட்டாங்க.

போன் வரும்னு இருந்தேன். நான் போனைப் பார்த்துட்டு உக்காந்திருக்கற ஆள் இல்லை. பக்கத்துல இருந்துச்சு, பார்த்தேன். ஒரு மாசம் போல கழிச்சு மயில்சாமி வந்தான். அவனா வந்தான், யாரும் அனுப்பலை. இந்தச் சேர்லதான் உக்காந்தான். 'வந்துடுங்க மேஸ்திரி. ஷெட்டு ஒரு மாதிரி இருக்குது'ன்னான். எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்குதே. 'அதெல்லாம் முடிஞ்சு போச்சு மயிலு'ன்னேன். அவன் 'செரிங் மேஸ்திரி'ன்னு எந்திரிச்சுப் போயிட்டான். அவன் பேசற ஆளே இல்லை, அவன்கிட்ட மூணு தடவையை எதிர்பார்க்க முடியுமா? வீட்டுக்காரி வந்து, 'ஒரு தடவை கூப்பிட்டாப் போக வேண்டியதுதானுங்களே'ன்னா. பொம்பளைக்கு என்ன தெரியும்.

சரி, என் பாட்டையே பாடிட்டிருக்கேன். நீங்க வந்த விஷயத்துக்கு வருவோம். என்ன வேலைக்குக் கூப்பிடுது அம்மிணி? மேஸ்திரியாத்தானே?

என்ன? செல்லத்துரையைத் திட்டறதுக்கா?

இருங்க, மெதுவாச் சொல்லுங்க. புது ஷெட்டுல அவனும், அவனை மாதிரி இன்னும் ரெண்டு பேரும். பாராட்டிப் பார்த்துச்சாம், நேரத்தோட அனுப்பிப் பார்த்துச்சாம், தனியா விட்டுப் பார்த்துச்சாம், ஒண்ணுக்கும் அசையலையாம். செல்லத்துரையே போய்ச் சொன்னானா? என்னன்னு? 'அந்த மனுசன் வந்து ஆகாதுன்னு சொன்னாத்தான் எனக்குக் கை ஓடும்'னா? அந்த மனுசன்னா சொன்னான், மேஸ்திரின்னு சொல்லலையா? பரவால்லை. இன்னொரு தடவை சொல்லுங்க, அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க.

ம்.

மெசின் பக்கமும் பேக்கிங் பக்கமும் நான் போகக் கூடாதா? தரையில மஞ்சள் கோடு அடிச்சிருக்காங்களா? எனக்குன்னேவா? வேற யாருக்காவது அப்படிக் கோடு இருக்கா? இல்லையில்ல. அப்ப அது எனக்கு மட்டும்தான். முதலாளி காலத்துலகூட எனக்குன்னு தனியா ஒண்ணும் அடிச்சதில்லை.

பூசை இந்த வருசம் எப்ப வருது? இல்லை, சும்மா கேட்டேன்.

வேண்டாம் தம்பி. நான் வரலைன்னு சொல்லிடுங்க. வயசாச்சு, இடுப்பும் முன்ன மாதிரி இல்லை. ஆமா, நிஜமாத்தான் சொல்றேன்.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. எங்க போகணும் இவ்வளவு அவசரமா? சூலூர்ல யாரு? நான் மாட்டேன்னு சொன்னா அந்த ஆளைக் கேட்டுட்டு வரச் சொல்லியிருக்குதா, இன்னிக்கேவா? எனக்குத் தெரியும் அந்த ஆளை. மில்லுல இருந்தவன். அவன் திட்டினா குழந்தைகூடச் சிரிக்கும். கேட்டதும் சரின்னுடுவான், அப்படிப்பட்ட ஆளு.

தம்பி, ஒரு நிமிசம். வண்டியை எடுக்காதீங்க. ஏ ருக்குமணி, என் சட்டையை எடு. எதுவா? தேச்சு வெச்சது. வெச்சிருக்கியா. அதென்ன டிபன் கேரியர், நான் எங்க போறேன்னு உனக்கு யார் சொன்னது?

நான் வர்றேன்னு சொல்லலை, தெரிஞ்சுக்குங்க. எனக்கு அந்தப் பக்கம் ஒரு சோலி இருக்கு. என்ன சோலின்னு போறப்ப யோசிச்சுக்கறேன். பின்னாடி உக்காந்துக்கறேன், மெதுவா ஓட்டுங்க, இடையில ரெண்டு தடவை கேளுங்க. நல்லாச் சத்தமாக் கேளுங்க, காத்துச் சத்தத்துல காதுல விழாது. நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். கம்பெனி ரோடு வந்ததும் நீங்க பாட்டுக்கு வண்டியை உள்ள திருப்பிடுங்க.